பூக்கடைக் காகிதப் பூக்கள்

சென்னையில் பூக்கடை என்று ஒரு பேட்டை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஹைகோர்ட்டைத் தாண்டி, என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் இரட்டைக் கோயிலைச் சுற்றிய இடம். ஒரு காலத்தில் பட்டணத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் மல்லிகையும் ரோஜாவும் சாமந்தியும் இங்கிருந்துதான் புறப்பட்டன. 1996-ல் கோயம்பேட்டு மார்க்கெட் வந்தது. பக்கத்துக் கொத்தவால் சாவடியின் கத்தரிக்காயும் வாழைக்காயும் அங்கே குடிபெயர்ந்தன. பூவும் பெரும்பாலும் பின்னாலேயே போய்விட்டது. பெயர் மட்டும் போக மறுத்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூடப் பூக்கடை போலீஸ் ஸ்டேஷன் என்றுதான் பெயர்!

அதற்காகப் பேட்டையில் பூவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது, பெட்டி பெட்டியாக. தண்ணீர் தெளிக்க வேண்டாத பூ, வண்டு தேடி வராத பூ, காகிதப் பூ.

கல்யாணத் தாம்பூலத்துக்கும் வளைகாப்புக்கும் நவராத்திரிக்கும் இப்போது சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள் கொடுக்கிறார்களே, மூடியின் மேல் ஒரு ரோஜாவும் இரண்டு இலையுமாக? "அடடா, என்ன அழகு!" என்று இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டு, வீட்டுக்கு வந்து லட்டைத் தின்றுவிட்டு, பெட்டியை எங்கே போட்டோம் என்று மறந்து போகிறோமே, அந்தப் பெட்டிகள் பிறக்கிற ஊர் இதுதான். இந்த வாரம் உங்களை அங்கே அழைத்துப் போகப் போகிறேன். கொஞ்சம் கால் நோகும். கையில் குடை இருக்கட்டும்.

போய்ச் சேருவது சுலபம். 2019 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயில் பூமிக்கு அடியிலேயே ஹைகோர்ட் வரை கொண்டுவந்து விட்டுவிடுகிறது. மேலே ஏறி வந்த பிறகுதான் சோதனை. ஜார்ஜ் டவுன் தெருக்கள் மாட்டு வண்டிக்கும் பல்லக்குக்கும் அளவெடுத்துப் போட்டவை. அதே தெருவில் இப்போது மீன்பாடி வண்டி, குட்டி லாரி, ஸ்கூட்டர், தலைச்சுமைக்காரர், டீ கொண்டு போகிற பையன், இவர்களுக்கு நடுவே நீங்களும் நானும். "சைடு, சைடு!" என்று யாராவது பின்னாலிருந்து கத்திக் கொண்டே இருப்பார்கள். கோபித்துக் கொள்ளக் கூடாது. அவர் தலையில் இருப்பது இரண்டு கட்டுக் காகிதம். நாம் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

இந்தப் பேட்டையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. ஜவுளி என்றால் கோடவுன் தெரு. மணி, பாசி, கண்ணாடிச் சாமான் என்றால் தேவராஜ முதலி தெரு. காகிதம் என்றால் ஆண்டர்சன் தெருவும் பந்தர் தெருவும். கல்யாணப் பத்திரிகை தேர்ந்தெடுக்க நீங்களும் ஒரு தடவையாவது ஆண்டர்சன் தெருவுக்கு வந்திருப்பீர்கள். அப்பா விலையைப் பார்க்க, பெண் நிறத்தைப் பார்க்க, அம்மா பிள்ளையார் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கடைசியில் மாமாவுக்குப் பிடித்த பத்திரிகையை வாங்கிக் கொண்டு போவார்கள்!

அப்படி ஒரு கடையில் ஏறிப் பேச்சுக் கொடுத்தேன். "முன்னே ஆயிரம் பத்திரிகை அடிச்ச வீட்டிலே இப்போ இருநூறு அடிக்கிறாங்க மேடம்" என்றார் கடைக்காரர். "மீதிப் பேருக்கு வாட்ஸப்பிலே போயிடுது. ஆனா கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குக் கையிலே ஏதாச்சும் குடுத்துத்தானே ஆகணும்? பெட்டியை வாட்ஸப்பிலே அனுப்ப முடியாதே!"

அவருடைய அலமாரிகளில் பத்திரிகைகள் ஒரு பக்கமாக நகர்ந்து, பெட்டிகளுக்கு இடம் விட்டிருந்தன. இதற்குச் சர்க்காரும் கொஞ்சம் காரணம். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. தேங்காயும் வெற்றிலையும் போட்டு, மணமக்கள் பெயர் அச்சடித்துக் கொடுத்த பளபளப்புப் பைகள் போயின. 2021 டிசம்பரில் சர்க்காரே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. பைக்கு மஞ்சள் துணி, பெட்டிக்குக் காகிதம் என்று ஆயிற்று.

காகிதக் கடையில் எதைக் கேட்டாலும் முதலில் "எத்தனை ஜி.எஸ்.எம்.?" என்பார்கள். மிரள வேண்டாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தாள் எத்தனை கிராம் நிறுக்கிறது என்ற கணக்குத்தான் அது. குழந்தைகளின் நோட்டுப் புத்தகத் தாள் 60-ஐ ஒட்டி இருக்கும். பெட்டி செய்கிற அட்டை 300. பூவுக்கு 120-லிருந்து 160 வரை உத்தமம். அதற்குக் குறைந்தால் இதழ் நிற்காமல் தொங்கிவிடும். மிஞ்சினால் வளைக்கும்போது நரம்பு நரம்பாக வெடிக்கும்.

இனிக் காகிதம் பூவாகிற இடத்துக்குப் போவோம். பந்தர் தெருப் பக்கம் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு மாடிப்படி, பட்டப்பகலிலும் இருட்டு. கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக் கொண்டு மேலே ஏறினால், ஒரு பெரியவர் குறடும் அரமுமாக உட்கார்ந்திருக்கிறார். டை செய்கிறவர். "வாம்மா, அந்த ஸ்டூலைத் துடைச்சிட்டு உட்காரு" என்றார். நான் உட்கார்ந்தது தெரிந்ததும் மறுபடி வேலையில் குனிந்துவிட்டார்.

டை என்றால் என்ன? வீட்டில் பிஸ்கட் மாவை நட்சத்திரமாகவும் பிறையாகவும் வெட்டுவதற்குத் தகர வளையம் வைத்திருக்கிறீர்களே, அதே தத்துவம். 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகையில் பூவின் உருவத்தை வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே மெல்லிய பிளவு அறுத்துக் கொள்கிறார்கள். எஃகுப் பட்டி ஒன்றை இதழின் வளைவுக்கு ஏற்ப வளைத்து அந்தப் பிளவில் சொருகுகிறார்கள். பட்டிக்கு இவர்கள் பாஷையில் "ரூல்" என்று பெயர். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்குகூட இல்லை, உயரம் 23.8 மில்லிமீட்டர். ஆகவே பலகைக்கு மேலே சுமார் ஆறு மில்லிமீட்டர் கத்தி நீட்டிக் கொண்டிருக்கும். பெட்டிக்கான டை என்றால் இரண்டு ஜாதி ரூல் வேண்டும். ஒன்று வெட்டுகிற கூர் ரூல்; மற்றது, அட்டையை அறுக்காமல் மடிப்புத் தடம் மட்டும் போடுகிற மழுங்கல் ரூல். மழுங்கல் ரூல் ஒரு மயிரிழை குட்டையாக இருக்கும்.

கத்தியின் இரு பக்கமும் ரப்பர்த் துண்டுகள் ஒட்டியிருந்தன. எதற்கு என்று கேட்டேன்.

"வெட்டினதும் காகிதம் கத்தியைக் கட்டிப் பிடிச்சுக்கும். ரப்பர் எகிறி அதை வெளியே தள்ளும். இல்லேன்னா ஒவ்வொரு பூவையும் ஊசியாலே நோண்டணும்" என்றார். பிறகு கத்தியில் அங்கங்கே அரத்தால் இழைத்த கடுகளவு வெட்டுகளைக் காட்டினார். அந்த இடங்களில் காகிதம் அறுபடாமல் நூலளவு ஒட்டிக் கொண்டிருக்குமாம். அதனால்தான் பூக்கள் மிஷினுக்குள் பறந்துபோகாமல் தாளோடு தாளாக வெளியே வருகின்றன. உங்கள் பெட்டிப் பூவின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் துளி முனை தட்டுப்படும். குறையென்று நினைக்காதீர்கள், அது பெரியவருடைய அரத்தின் அடையாளம்.

இப்போது பலகையில் பிளவு அறுப்பதை லேசர் மிஷினே செய்துவிடுகிறது. படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் போதும். ரூலை வளைப்பது மட்டும் இவர் கையில் நிற்கிறது. ஐந்து இதழ் ரோஜாவில் எது கஷ்டம் என்று கேட்டேன். இதழின் வளைவு இல்லையாம். இரண்டு இதழ்கள் சந்திக்கிற பள்ளம்தானாம். இரண்டு ரூல் முனைகள் அங்கே ஒன்றையொன்று முத்தமிட வேண்டும். மயிரிழை இடைவெளி விட்டாலும் காகிதம் அங்கே அறுபடாது. பிய்த்தால் பிசிறு வரும். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டை விரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார். லேசரில் நேராகக் காகிதத்தையே வெட்டிவிடலாமே என்று நான் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பூவை எடுத்துக் கையில் வைத்தார். அதன் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது, அடுப்புப் பக்கம் வைத்த அப்பளம் மாதிரி. "நெருப்பாலே வெட்டினது. வெள்ளைப் பூவுக்கு ஒத்துக்காது" என்றார்.

டை தயாரானதும் அடுத்த வீட்டுக்குப் போகிறது, அங்கே பஞ்சிங். முதலைபோல வாயைத் திறந்து திறந்து மூடுகிற ஒரு கறுப்பு மிஷின். பழைய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரிந்த ஆசாமிதான்: எழுத்துக் கோத்துக் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அச்சடித்த டிரெடில். ஆப்செட் அச்சு வந்து அதற்கு வேலை போனதும், மை உருளைகளைக் கழற்றிவிட்டு, எழுத்து இருந்த இடத்தில் டையைப் பூட்டி விட்டார்கள். ரிட்டயரான பிறகு வேறு உத்தியோகம் பார்க்கிற தாத்தா மாதிரி அதுவும் உழைத்துக் கொண்டிருக்கிறது. வாய் திறக்கும் நொடியில் ஒரு கை தாளை வைக்க வேண்டும், மறு கை வெட்டிய தாளை எடுக்க வேண்டும். பார்க்கிற நமக்குத்தான் பகீர் பகீர் என்கிறது. ஓட்டுகிறவர் ரேடியோப் பாட்டுக்குத் தலையசைத்துக் கொண்டே செய்கிறார்.

பூக்களை உதிர்த்துக் கொண்ட பிறகு மிஞ்சுகிற தாள் இருக்கிறதே, அது ஓர் அழகு. பூப்பூவாக ஓட்டை விழுந்த பலகணி. வேஸ்ட் பேப்பர்க்காரருக்கு எடை போட்டு விற்றுவிடுகிறார்கள். கேட்டால் ஒன்றிரண்டு சும்மாவே கொடுப்பார்கள். கோலம் போடத் தெரியாத பெண்கள் அதைத் தரையில் வைத்து மாவைச் சலித்துப் பார்க்கலாம்!

இந்தத் தெருவுக்கு வருகிற அச்சுச் சரக்கில் கணிசமான பங்கு சிவகாசியிலிருந்து லாரி ஏறி வருவது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. அச்சகத்திலிருந்து காலண்டரும் வாழ்த்து அட்டையும் பிறந்தன. யோசித்துப் பார்த்தால், படம் ஒட்டிய முதல் சின்னப் பெட்டி நம் வீடுகளுக்கு வந்தது சமையலறை வழியாகத்தான்.

இதுவரை பார்த்ததெல்லாம் தட்டைப் பூ. வெட்டிய காகிதம், அவ்வளவுதான். அது ரோஜாவாக எழுந்து உட்காருவது வேறிடத்தில். கடைக்காரரிடம் மெள்ளக் கேட்டு விலாசம் வாங்கிக் கொண்டு கொண்டித்தோப்புக்குப் போனேன்.

வரிசையாக ஆறு குடித்தனம் உள்ள ஸ்டோர். நடுவில் குழாயடி. மூன்றாவது குடித்தனத்தில் ஓர் அம்மாள், அறுபதைத் தாண்டியவர், வாசற்படி வெளிச்சத்துக்கு நேராகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். புருஷர் பைண்டிங் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. மகன் கூரியர் கம்பெனியில் இருக்கிறான். பேத்தி காலேஜில் பி.காம். படிக்கிறாள். "வா கண்ணு, காத்தாடியைப் போட மாட்டேன், கோவிச்சுக்காதே. போட்டா எல்லாம் பறந்துடும்" என்றார்.

அவருடைய ஆயுதங்களைக் கேளுங்கள்: தேய்ந்துபோன ஒரு ஸ்பூன், ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஒன்று, விளக்குமாற்றிலிருந்து உருவிய புது ஈர்க்கு, புருவம் திருத்துகிற குறடு, ஒரு துண்டு ஸ்பாஞ்ச், ஈரத் துணி. கடையில் விற்கிற பளபளப்பான கருவிப் பெட்டி ஒன்றைப் பேத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது!

முதலில் ஒரு தாளை எடுத்து, ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து ஈரத்துணியில் ஒற்றினார். துண்டு உடனே சுருண்டு குழலாயிற்று. "பாத்தியா, இந்தப் பக்கம் நாரு ஓடுது" என்றார். விஷயம் இதுதான். மில்லில் காகிதம் ஓடுகிற திசையில் அதன் நார்களும் படுத்துவிடுகின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் வளர்வதைவிடப் பருமனில்தான் அதிகம் உப்பும். ஆகவே தாள், நார் ஓடும் திசையைக் குழலின் நீளமாக வைத்துக் கொண்டு சுருள்கிறது. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். கிழித்துப் பார்த்தாலும் தெரியும். நார்ப் பக்கம் நேராகக் கிழியும், குறுக்குப் பக்கம் கோணும். பேப்பர் மில் இஞ்சினீயர் புத்தகத்தில் படிப்பதை இந்த அம்மாள் ஈரத்துணியில் படித்திருக்கிறார்.

பிறகு பூ. பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அடுக்கு; ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ். தாளின் பின்பக்கம் ஈரத்துணியால் பட்டும் படாமலும் ஓர் ஒற்று. ஸ்பாஞ்சின்மேல் வைத்து, ஸ்பூனின் முதுகால் இதழின் நுனியிலிருந்து நடுவுக்கு அழுத்தி இழுக்கிறார். இதழ் கிண்ணம்போல எழுந்து நிற்கிறது. கவிழ்த்துப் போட்டு, நுனியை மட்டும் ஈர்க்கில் சுற்றி வெளிப்பக்கம் சுருட்டுகிறார். ரோஜா இதழ் நிஜமாகவே அப்படித்தானே இருக்கும்? உள்ளே குவிந்து, ஓரத்தில் மட்டும் வெளியே மடிந்து. அடுக்கின்மேல் அடுக்கை ஒட்டும்போது மேல் இதழ் கீழ் இரண்டு இதழின் இடைவெளியில் உட்கார வேண்டும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் பூ உயிரில்லாமல் காற்றாடி மாதிரி தெரியும். நடுவில் குருத்துக்கு ஒரு பட்டைக் காகிதத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சுருட்டி, குறடால் பிடித்து இறக்கினார். ஐந்து இதழும் ஒரே மாதிரி எழாமல் ஒன்றைக் கொஞ்சம் தாழ்த்தி விட்டார். ஏன் என்றேன். "எந்தச் செடியிலே அஞ்சு இதழும் ஒரே மாதிரி இருக்குது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கைக்கடிகாரத்தில் பார்த்துக் கொண்டே இருந்தேன். பெரிய பூவுக்கு ஆறு நிமிஷம். சின்னப் பூவுக்கு மூன்று.

"கண்ணுதான் முன்னே மாதிரி இல்லே" என்றார். அப்போது எனக்கு மேரி டிலேனி என்ற இங்கிலீஷ் சீமாட்டியின் ஞாபகம் வந்தது. 1772-ல், தம்முடைய 72-ம் வயதில், வண்ணக் காகிதத்தைக் கத்தரியால் நறுக்கிக் கறுப்புத் தாளின்மேல் ஒட்டிப் பூச்செடிகளை உருவாக்கத் தொடங்கினார் அவர். கண் மங்கி நிறுத்துவதற்குள் ஏறக்குறைய ஆயிரம் செடி செய்துவிட்டார். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கதையைச் சொன்னேன். அம்மாள் சுவாரஸ்யமாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு ஒண்ணுக்கு என்ன குடுத்தாங்களாம்?" என்றார்.

நல்ல கேள்வி. சீமாட்டிக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவருக்கு அது பொழுது. இந்த அம்மாளுக்கு அது வீட்டு வாடகையில் ஒரு பங்கு. நாம் கணக்குப் போடுவோம். ஒரு பெட்டிக்குப் பெரிய பூ ஒன்று, சின்னப் பூ இரண்டு: 12 நிமிஷம். பெட்டியை மடித்து, ஒட்டி, ரிப்பன் கட்ட இன்னும் 3 நிமிஷம். ஆகப் பெட்டிக்குக் கால் மணி. 200 பெட்டி என்றால் 50 மணி நேரம். சமையல், குழாயடி, பேத்திக்கு டிபன் எல்லாம் போக நாளைக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நாள்.

அலமாரியின் மேல் தட்டில் மூன்று பெரிய பிஸ்கட் டின்கள் இருந்தன. ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே மாந்தளிர் நிறத்தில் ரோஜாக்கள், நெருக்கமாக.

"போன ஆவணியிலே ஒரு கல்யாண ஆர்டர் கண்ணு. 200 பெட்டி. பொண்ணோட புடவை நிறத்திலேயே பூ வேணும்னு ஜாக்கெட் பிட்டையே குடுத்தனுப்பியிருந்தாங்க. அந்த நிறத்துக்குத் தாளு கிடைக்கவே ரெண்டு நாள் ஆச்சு. 110 பெட்டிக்குப் பூ முடிச்சுட்டேன். கடைக்காரர் போன் பண்றாரு: அவங்க வீட்டிலே ரேட்டைக் குறைக்கச் சொல்றாங்க, பாக்கெட்டிலே வர்ற ரெடிமேட் பூவையே ஒட்டிடுங்கன்னு."

110 பெட்டிக்கு 330 பூ. என் கடிகாரக் கணக்குப்படி 22 மணி நேரம். பெட்டிக்குத்தான் கூலி, பூவுக்குத் தனியாகக் கூலி கிடையாது. கடைக்காரர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. காகிதச் செலவை ஏற்றுக் கொண்டார். நவராத்திரி வந்தபோது இந்தப் பூக்களில் பாதிக்குமேல் கொலுத் தாம்பூலப் பெட்டிகளுக்கு விற்றும் கொடுத்தார். மீதி டின்னில் இருக்கின்றன. ஐப்பசி மழையில் காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்து இதழ்கள் தளர்ந்துவிடும். அதற்குப் பயந்துதான் டின். மூடியைச் சுற்றி ஒரு பழைய வேட்டிக் கிழிசலையும் இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

அந்தக் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஓர் அம்மாள் கொண்டித்தோப்பில் இருப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை. விலையைக் குறைத்துப் பேசிவிட்ட சமர்த்துக்காகச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பேரம் பேசாமல் சாமான் வாங்குகிற குடும்பம் நம்மில் எது? ஆனால் பேரம் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். காகிதத்தின் விலையை மில்காரர் நமக்காகக் குறைக்கப் போவதில்லை. டை செய்த செலவு செய்ததுதான். பஞ்சிங்காரர் ஆயிரம் அடிக்கு இவ்வளவு என்று கறாராக இருப்பார். இத்தனை பேரையும் தாண்டி அந்தப் பேரம் இறங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: வாசற்படி வெளிச்சத்தில் விரித்த அந்தப் பாய்.

செலவைக் குறைக்க வேண்டுமா, தாராளமாகக் குறையுங்கள். அதற்கு வழி இருக்கிறது. மூன்று பூவுக்குப் பதில் ஒரே ஒரு பெரிய பூ போதும் என்று சொல்லுங்கள். கால் மணி வேலை 9 நிமிஷமாகிறது. 200 பெட்டிக்கு 50 மணி நேரம் 30 ஆகிவிடுகிறது. விலையும் இறங்கும், கூலியும் இறங்காது. என் கண்ணுக்கு ஒற்றைப் பூதான் அழகும்கூட. இதை ஆர்டர் கொடுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும், 110 பெட்டி முடிந்த பிறகு அல்ல. "நடுவில் மாற்ற மாட்டேன், பாதி முன்பணம், அது வேலை செய்கிறவர்களுக்குப் போகட்டும்" என்று சொன்னால் கடைக்காரர் உங்களை ஒரு தினுசாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இன்னொன்றும் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜிகினாத் தாளும், பிளாஸ்டிக் மினுமினுப்பு ஏற்றிய அட்டையும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லை வழியாக அழைத்த கதைதான். அது காகிதத்தோடு கரைந்து மறுபடி காகிதமாகாது. ஜிகினாவோ லட்டில் ஒட்டிக் கொண்டு குழந்தையின் வாய்க்குப் போகும். தின்பண்டம் வைக்கிற பெட்டி என்றால் உள்ளே ஒரு பட்டர் பேப்பர் போடச் சொல்லுங்கள்.

பத்துப் பதினைந்து பெட்டிதான் வேண்டும், நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்றால், டையும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். நீங்களே வீட்டில் செய்துவிடலாம். 100 அல்லது 120 ஜி.எஸ்.எம். தாளில் 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டிக் கொள்ளுங்கள். நான்கு முனைகளையும் நடுவுக்கு மடியுங்கள். கத்திக் கப்பல் செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படி தெரியும். எதிரெதிர் விளிம்புகளை நடுக்கோடு வரை மடித்துப் பிரியுங்கள். மற்ற இரு விளிம்புகளையும் அப்படியே. இப்போது இரண்டு எதிர் முனைகளை மட்டும் முழுக்கப் பிரித்துவிட்டு, மற்ற இரு பக்கங்களைச் சுவராக நிமிர்த்துங்கள். பிரித்த முனைகளைச் சுவரின்மேல் ஏற்றி உள்ளே மடக்கினால் பெட்டி நின்றுவிடும். கோந்தே வேண்டாம். அடி 7 சென்டிமீட்டர் சதுரம், உயரம் மூன்றரை. மூடிக்கு 20.5 சென்டிமீட்டர் சதுரத்தில் இதையே செய்யுங்கள். சரியாகக் கவிழ்ந்து மூடும். ஜப்பானில் அரிசி அளக்கிற சதுர மரப்படிக்கு மஸு என்று பெயர். இந்தப் பெட்டிக்கும் அங்கே அதே பெயர்தான்.

மூடிக்குப் பூ வேண்டுமே? 10 சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வரைந்து, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே போகும்படி ஜாங்கிரிச் சுருளாக ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். கத்தரி நேராகப் போக வேண்டாம். அலை அலையாகப் போகட்டும். நடுவில் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள். வெளி முனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக் கொண்டே நடு வட்டம் வரை வந்ததும் கையைச் சற்றுத் தளர்த்துங்கள். சுருள் தானே விரிந்து ரோஜாவாகும். வேண்டிய அளவு விரிந்ததும் அந்த நடு வட்டத்தில் பசை தடவிப் பூவை அதன்மேல் உட்கார வைத்து, இருபது எண்ணும் வரை பிடித்துக் கொள்ளுங்கள். மைதாப் பசை போதும். ஆனால் பூச்சி வராமலிருக்கப் பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். பண்டம் வைக்கிற பெட்டியில் அந்தப் பசை கூடாது.

முதல் இரண்டு பூ முட்டைக்கோஸ் மாதிரி வரும். மூன்றாவது சரியாகிவிடும். அதைப் பார்த்த பிறகு கொண்டித்தோப்பு அம்மாளின் ஆறு நிமிஷம் எவ்வளவு வேகம் என்பது உங்களுக்கே தெரியும்.

மொத்தமாக ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே போய்விடுங்கள். நிறம் பார்க்கப் புடவையைத் தூக்கிக் கொண்டு அலைய வேண்டாம். ஜாக்கெட் பிட் போதும். மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து நாலு நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள். இதழ் தளராமல் நின்றால் தைரியமாகச் சொல்லலாம். காலையில் பதினொரு மணிக்குக் கடைகள் சுறுசுறுப்பாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், தெருவே தூங்கும். திரும்பும்போது இரட்டைக் கோயில் வாசலில் நிஜ மல்லிகையே முழம் போட்டு விற்றுக் கொண்டிருப்பார்கள். அதையும் ஒரு முழம் வாங்கிக் கொண்டு மெட்ரோவில் ஏறுங்கள்.